துருக்கி மொழிச் சொல்ஜோடிகள்: யாராவது வழி சொல்லுங்கள்

தமிழ் மாணவர்கள் நான்கு பேருக்குத் துருக்கி மொழி சொல்லித்தருகிறேன். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வரும் என்ற சொல்ஜோடிகளில்தான் தடுமாற்றம். சிகரெட் 'குடிப்பது', கனவு 'காண்பது' எல்லாம் அங்கும் நம்மைப் போலத்தான், சிக்கலில்லை. ஆனால் ஸ்ட்ராங் டீ அவர்களுக்கு 'கொயு', அதாவது அடர்நிறம். லைட் டீ 'அச்சிக்'. அந்தச் சொல்லுக்குத் 'திறந்தது' என்றும் பொருள்! ஏன் என்று கேட்டால், "காதுக்கு அப்படித்தான் சரியாக இருக்கிறது" என்கிறார் துருக்கி நண்பர்.

முடிவைக் 'கொடுப்பது' (கரார் வெர்மெக்), 'எடுப்பது' (கரார் அல்மக்) இரண்டுமே உண்டு. எது எங்கே என்பதில் என் இரண்டு நண்பர்களுக்கே ஒத்துப்போகவில்லை. அவர்கள் காதை நம்புவதா, சுமார் 5 கோடிச் சொற்கள் கொண்ட துருக்கி தேசியச் சொல்தொகுப்பில் (மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டிய கணினித் தொகுப்பு) தேடி எண்ணுவதா? அப்புறம், ஜோடியாகவே சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தால், வாரத்துக்கு எத்தனை ஜோடி தாங்கும்?