காற்றுப்புணையா, டியூபா? இளகும் ஏரியில் கெளுத்தி பிடிப்பதற்கு ஒரு சொல்

பாளையங்கோட்டையிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வாசிப்புப் பாடத்தை முடித்துக் கொடுக்க வேண்டும்; நான்கு நாட்களாக ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர், நம் அம்பாசமுத்திரத்துக்காரர்தான், இந்தப் பாடத்தைக் கேட்டிருந்தார். மாட்டுவண்டியும் பொங்கல் பானையுமே வரும் பாடங்கள் அந்தப் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டன என்றும், அவர்கள் கண்ணால் காண்கிற ஒன்றைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். ஏரியை மூடியிருந்த பனிக்கட்டி உருகி விடத் தொடங்கும் நாட்களில், காற்றடைத்த ஒரு சாதனத்தில் மிதந்தபடி கெளுத்தி பிடிப்பதுதான் பாடத்தின் பொருள்.

சாதனத்தை விளக்கினால்தான் சொல் பிறக்கும். லாட வடிவில் காற்றடைத்த பை. அதன் நடுவே துணியாலான இருக்கை. அதில் உட்காருகிறவருக்குத் தொடைக்குக் கீழே கால் முழுவதும் தண்ணீருக்குள் தொங்கும். மார்பு வரை வரும் நீர்புகாத உடுப்பை அணிந்து, பாதங்களில் ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு உதைத்தால், சாதனம் பின்னோக்கி நகரும். இரண்டு கைகளும் தூண்டிலுக்கு மிச்சம். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் செத்துப்போன சிறுமீன்கள் கட்டி உருகியதும் கரையோரத்து ஆழமில்லாத மூலைகளில் ஒதுங்குகின்றன. வெயில் பட்டு முதலில் சூடேறுவதும் அந்த மூலைகள்தாம். அவற்றைத் தின்ன வரும் கெளுத்தியைத் தேடி, மீன்துண்டை இரையாகக் கோத்துக்கொண்டு, மனிதர்களும் அங்கே போகிறார்கள். மீசையில் மட்டுமன்றி உடம்பு முழுவதும் சுவையரும்புகள் கொண்ட மீன் ஆதலால், கலங்கிய குளிர்நீரிலும் அது இரையைக் கண்டுகொள்ளும்.

நான் முதலில் ‘மிதவைக் குழாய்’ என்று எழுதினேன். வாசித்துப் பார்த்த என் மகள், தண்ணீர்க் குழாய் ஏன் ஏரியில் மிதக்கிறது என்று கேட்டாள். அடித்துவிட்டேன். பாடத்தில் பாதுகாப்புப் பத்தி ஒன்றும் உண்டு. அந்த நாட்களில் தண்ணீரின் வெப்பம் 4 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்படாது. ஏறத்தாழ 10 நிமிடங்கள்தாம் கையும் காலும் சொன்னபடி கேட்கும். 1 மணி நேரத்துக்குள் நினைவு தப்பிவிடும். ஆகவே, கால் தண்ணீருக்குள் இருக்கிறது என்பதை உணர்த்தாத சொல் எனக்கு வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அன்புடையீர், ‘மிதவை’யை நீங்கள் அடித்தது நன்று. இக்காலத்தில் கடலில் மிதக்கவிடும் அடையாளப் பொருளுக்கு அது நிலைத்துவிட்டது. பழந்தமிழிலோ அது உணவு. புறநானூற்று 215ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன், ஆய்மகள் அட்ட ‘அம்புளி மிதவை’யை அவரை கொய்வோர் நிறைய உண்ணும் நாட்டைத்தான் பிசிராந்தையாரின் நாடாகக் காட்டுகிறான். அந்தப் பிசிர் என்னும் ஊரும் பாண்டி நாட்டது. நம்முடைய கூழை ஏரியில் மிதக்கவிட வேண்டாம்.

எனது பரிந்துரை ‘புணை’, நீரில் மூழ்காமல் தாங்கி மிதப்பது. ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்பதை அறியாதவர் இங்கு இல்லை. ஆனால் நம் தேவைக்கு அதைவிட நெருங்கியது குறுந்தொகை 222. தலைவி புனலாடுகிறாள். தோழி தலைப்புணையைப் பிடித்தால் அவளும் தலைப்புணையைப் பிடிக்கிறாள். கடைப்புணையைப் பிடித்தால் அவளும் கடைப்புணையைப் பிடிக்கிறாள். புணையைக் கைவிட்டுப் புனலோடு போனால் அங்கும் வருவாள் போலும் என்கிறது பாட்டு. அகநானூறு 6இல் பரணர் ‘வேழ வெண்புணை தழீஇ’, அதாவது நாணல் போன்ற வேழக்கோலால் ஆன புணையைத் தழுவி, என்கிறார். இவை ஏறி உட்கார்ந்து உடல் நனையாமல் போகும் கலங்கள் அல்ல. பற்றிக்கொண்டும் தழுவிக்கொண்டும் உடம்பு தண்ணீருக்குள் இருக்க மிதப்பவை. தாங்கள் கேட்ட பொருள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. முதலில் ‘அமர்புணை’ என்று எண்ணினேன். வினைத்தொகையாக அது அழகாக நிற்கிறது. ஆயினும் ‘அகனமர்ந்து செய்யாள் உறையும்’ என்னும் குறளில் அமர்தல் என்பது விரும்புதல், மகிழ்தல் என்னும் பொருளது, பெயராக நின்றாலோ அமர் என்பது போர். ஆகவே ‘காற்றுப்புணை’ என்க. காற்றால் நிரப்பப்பட்ட புணை என விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

பருவத்துக்கும் ஒரு சொல். அங்கே பனிக்கட்டி விடுவது நம் பங்குனியை ஒட்டி என்றால், உரையாசிரியர்கள் வகுத்தபடி மாசியும் பங்குனியும் பின்பனி. நம் ஊரில் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது பொருந்தாமல் நிற்கும் அந்தப் பெயர் அந்த ஏரிக்கு அப்படியே பொருந்துகிறது. ‘பின்பனிக் காலத்தில்’ என்றே தொடங்குங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

ஐயா சொன்ன பாடல்கள் அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சாதனம் முதன்முதலில் லாரி டியூபைக் கொண்டே செய்யப்பட்டது என்பதையும், அதே லாரி டியூபில் இன்றும் நம் குளங்களில் மீன் பிடிக்கிறார்கள் என்பதையும் நாம் ஏன் பார்க்க மறுக்கிறோம்? ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குளத்தில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறேன். காற்றடித்த டியூபின் குறுக்கே உரச்சாக்கை இழுத்துக் கட்டி, அதில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒருவர் உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் போனார். போகிற போக்கில் மடியிலிருந்த வலையைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே போனார். காற்று ஏற்றும் வால்வு அவர் இடுப்பில் உரசாதபடி பழைய துணியைச் சுற்றியிருந்தார். அது என்ன என்று கேட்டேன். ‘டியூப்’ என்றார். மின்னசோட்டாக்காரர் ஏரியில் செய்வதை அவர் குளத்தில் செய்கிறார். அவரிடம் சொல் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பரணரிடம் போவது நியாயமா? தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் ‘தெப்பம்’ இருக்கிறது. தெப்பக்குளம் இல்லாத பெரிய கோயில் நம் பக்கம் ஏது? குழந்தைக்கும் தெரியும்.

கடையத்திலிருந்து:

அண்ணாச்சி, தெப்பம் ஆகாது. தெப்பத்தில் எழுந்தருளும் சுவாமியின் பாதம் நனைவதில்லை. மேலே மண்டபமே கட்டிவிடுகிறோம். இந்தச் சாதனத்தில் மனிதன் பாதி தண்ணீருக்குள் இருக்கிறான். டியூபும் ஆகாது, டகரம் மொழிக்கு முதலில் வாராது. ‘வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த’, அதாவது வடமொழி எழுத்தை நீக்கித் தமிழெழுத்தில் அமைந்த, சொல்லைத்தான் தொல்காப்பியர் ஏற்றார். அந்த நெறியில் நீங்கள் ‘இடியூப்பு’ என்றல்லவா எழுத வேண்டும்? 1930களில் கலைச்சொற்களைத் தொகுத்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் நம் நெல்லையிலிருந்தே இயங்கியது. அந்த ஊரிலிருந்து போகிற பாடத்தில் கேட்ட ஒலியை அப்படியே எழுதி அனுப்புவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

எனினும் ‘புணை’யிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. புணை, பிணை, புணர் ஆகிய மூன்றும் ஓரடியில் பிறந்தவை என்பது என் துணிபு. கட்டைகளையோ வேழக்கோல்களையோ பிணைத்தால்தான் அது புணை. இங்கே பிணைப்பது ஏது? ஒற்றைப் பையில் காற்று. பிணைப்பில்லாமல் உள்ளீடற்றதனால் மிதப்பது எது என்று தேடினால், நமக்குக் கிடைப்பது சுரை. கன்னடியன் கால்வாயில் நான் நீந்தப் பழகியதே முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டுதான். கயிறு அக்குளில் அறுத்த தழும்பு பல நாள் இருந்தது. ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்று, சொற்களை இடம்மாற்றிப் பொருள் கொள்ளும் மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு எடுத்துக்காட்டுத் தந்தவர்கள், சுரை மிதக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும் என்று நம்பித்தானே தந்தார்கள்? ஆகவே ‘சுரைப்புணை’ அல்லது ‘காற்றுச்சுரை’ என்பதைக் கருதிப் பாருங்கள். சுரத்தல், சுரங்கம், சுரை என எல்லாவற்றிலும் உள்ளே வெற்றிடம் அல்லது ஊறும் இடம் என்னும் பொருள் ஓடுவதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

பிணைத்தது மட்டுமே புணை என்றால், ‘இனமென்னும் ஏமப் புணை’ என்று வள்ளுவர் சுற்றத்தைச் சொன்னபோது எந்தக் கட்டைகளைக் கட்டினார்? ‘நாணொடு நல்லாண்மை என்னும் புணை’ என்றபோது? மூழ்காமல் தாங்குவது புணை என்னும் பொருள் அவர் காலத்திலேயே முழுமை பெற்றுவிட்டது. வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு வழக்கை விடுவது முறையன்று. சுரை மடலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

மின்னசோட்டாவிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் மூன்று சொற்களையும் பலகையில் எழுதிப் பிள்ளைகளிடம் கேட்டேன். ‘தெப்பம்’ என்றால் நெல்லைக்கு விடுமுறையில் வந்த இருவருக்கு மட்டும் திருவிழா நினைவுக்கு வந்தது. ‘புணை’ யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சொல்லிக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டார்கள், ‘பூனை’ என்று வாசித்த ஒரு பையனைத் தவிர. ‘டியூப்’ எல்லாருக்கும் தெரியும். அதோடு ‘பனி உருகும் ஏரி’ என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் வானிலிருந்து விழும் பனியை நினைக்கிறார்கள். ஏரியின்மேல் கெட்டிப்பட்ட பாளத்தை நினைப்பதில்லை. அந்தப் பாளத்தை நம்பிக் கால் வைக்கக் கூடாது என்பதுதான் இங்கே ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் சொல்லும் முதல் எச்சரிக்கை.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஏரிக்கான சொல் எனக்கு அடுப்பங்கரையில் கிடைத்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனால், அம்மா பாட்டிலை முற்றத்து வெயிலில் வைப்பார். முதலில் கண்ணாடியை ஒட்டிய ஓரம் தெளியும்; நடுவில் வெள்ளைக் கட்டி தனியே நிற்கும்; பாட்டிலைச் சாய்த்தால் கட்டி நழுவும். ‘இளகிட்டு’ என்பார். ஏரியும் கரையோரத்திலிருந்துதான் விடுகிறது; நடுப்பாளம் கடைசிவரை நின்று, காற்றடித்தால் நகர்கிறது. ஆகவே ‘இளகும் ஏரி’ என்று எழுதிவிட்டேன். ‘உறைவிடும் ஏரி’ என்று எனக்குத் தனியே எழுதியவருக்கு நன்றி. ஆனால் பிள்ளைகள் அதை உறைவிடம் என்று வாசிப்பார்கள்.

சாதனத்துக்கு இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ‘காற்றுப்புணை’யோடு நிற்கிறார்கள். பலர், இதற்குமேல் எழுத நேரமில்லை, அதையே போடுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்பது குறுந்தொகையின் அந்தப் பெண்ணுக்காக. புணையைப் பிடித்திருக்கிறாள், தண்ணீரிலும் இருக்கிறாள்; பிடி விட்டால் புனலோடு போய்விடுவாள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதையே. பாடத்தில் சொல் முதன்முதலாக வருமிடத்தில், ‘காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதக்க உதவும் காற்றடைத்த இருக்கை’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துள்ளேன். மீனுக்கு அதன் உடம்புப் புள்ளிகளை வைத்துப் ‘புள்ளிக் கெளுத்தி’ என்று எழுதினேன். பக்கத்துடுப்பின் முள் குத்தினால் கடுக்கும் என்பதை நம் ஊர்க் கெளுத்தியிடம் கற்றவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சேர்த்திருக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். பாதுகாப்புப் பத்தியில், உயிர்காப்பு உடுப்பு அணியாமல் இறங்கக் கூடாது, நீர்புகாத உடுப்பின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும், துணையின்றிப் போகக் கூடாது என்று வருகிற அந்த மூன்று வாக்கியங்களில் மட்டுமாவது ‘டியூப்’ என்று எழுதுங்கள். அங்கே ஒரு பிள்ளை ‘பூனை’ என்று வாசித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது.

பாளையங்கோட்டையிலிருந்து:

எழுதிவிட்டேன், அண்ணாச்சி. அந்த மூன்று வாக்கியங்களிலும் டியூப் என்றே இருக்கிறது. கடையத்து அன்பர் மன்னிக்க வேண்டும், இகரம் சேர்க்கவில்லை.

கடையத்திலிருந்து:

மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை, பாடம் நல்லபடியாகப் போகட்டும். ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது ‘காற்றுச்சுரை’யை மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே பதிந்து வைக்கிறேன். சுரை பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.