பெருநிறை மறைப்பு இரட்டைகள்: ஒளிவளைவிலிருந்து ஆர விகிதமும் நிறையும் கிடைக்காதது ஏன்?

கேள்வி
மிக வெப்பமான, பெருநிறை கொண்ட ஓ வகை விண்மீன்கள் இரண்டு ஒன்றையொன்று மறைக்கும் ஓர் இணையின் டெஸ் விண்கலம் அளந்த ஒளிவளைவை (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடத்தை), இரட்டை விண்மீன்களை மாதிரியிடும் ஃபீபி மென்பொருளில் பொருத்திப் பார்த்து வருகிறேன். இரண்டுமே பகுதி மறைப்புகள். ஆழமும் ஏறத்தாழச் சமம். சுற்றுப்பாதையின் சாய்வுக் கோணம் (பாதை நமக்கு விளிம்பாகத் தெரிந்தால் 90 பாகை) நிலையாக வருகிறது. ஆனால் ஆரங்களின் விகிதத்தை 0.8 என்று வைத்தாலும் 1.2 என்று வைத்தாலும் பொருத்தம் ஒன்றுபோலவே அமைகிறது. நிறையோ பிடிபடவே இல்லை. ஒளி அளவீடு இவ்வளவு நுட்பமாக இருந்தும் ஏன் இப்படி?

மறுமொழி 1
ஒளிவளைவில் நீள அளவுகோல் கிடையாது. மறைப்பு நீடிக்கும் நேரம், விண்மீனின் ஆரத்துக்கும் பாதையின் அரைப் பேரச்சுக்கும் (நீண்ட விட்டத்தின் பாதிக்கும்) உள்ள விகிதத்தை மட்டுமே சொல்லும். கிலோமீட்டர் கணக்கு நிறமாலையின் டாப்ளர் பெயர்ச்சி (விண்மீன் நகர்வதால் கோடுகளின் அலைநீளம் மாறுவது) வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

மறுமொழி 2
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறமாலை தருவது நிறையையும் சாய்வுக் கோணத்தின் சைனின் முப்படியையும் பெருக்கி வரும் மதிப்பு. கோணம் 90 பாகையிலிருந்து 85 ஆனாலும் நிறை ஏறத்தாழ 1 சதவீதமே மாறும். ஆனால் இரு திசைவேக வீச்சுகளிலும் (ஒவ்வொரு விண்மீனும் நம்மை நோக்கியும் விலகியும் செல்லும் வேகம் ஏறி இறங்கும் அளவு) 1 சதவீதப் பிழை இருந்தால் நிறையில் அது 3 சதவீதமாகிவிடும். ஆகவே உண்மையான உழைப்பு நிறமாலையில்தான் இருக்கிறது, அங்கே இவ்வகை விண்மீன்கள் எளிதில் வழிவிடுவதில்லை: கோடுகள் சில, அவையும் வேகச் சுழற்சியால் அகன்றவை. ஹைட்ரஜன் கோடுகள் இரு விண்மீன்களுக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால், அவற்றை அப்படியே அளந்தால் வீச்சு குறைவாகவும், அதனால் நிறை குறைவாகவும் வரும். அதனால்தான் பலரும் ஹீலியம் கோடுகளை நம்புகிறார்கள்; அல்லது, வெவ்வேறு சுற்றுக்கட்டங்களில் எடுத்த நிறமாலைகளை ஒருசேரத் தீர்த்து, இரு விண்மீன்களின் நிறமாலைகளையும் தனித்தனியே பிரித்தெடுக்கிறார்கள். பிரித்த கோடுகளின் வலிமையிலிருந்து இரு விண்மீன்களின் ஒளி விகிதம் கிடைக்கும். அதைப் பொருத்தத்தில் கட்டுப்பாடாக வைத்தால் உங்கள் 0.8, 1.2 குழப்பம் தீர்ந்துவிடும்.

3.69 நாளில் சுற்றும் டபிள்யூஆர் 20ஏ இணையைப் பாருங்கள். 2004இல் அதன் மறைப்புகள் கண்டறியப்பட்டு, கோணம் சுமார் 74.5 பாகை என்று தெரிந்த பிறகே, இரண்டும் 80 சூரிய நிறையைத் தாண்டியவை என்று உறுதியாயிற்று. அதுவரை கையில் இருந்தது குறைந்தபட்ச நிறை மட்டுமே.

கேள்வி கேட்டவர்
நன்றி. வெப்பநிலையை நிறக் குறியீட்டிலிருந்து (இரு நிற வடிகட்டிகளில் தெரியும் ஒளி வேறுபாட்டிலிருந்து) எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 3
வேண்டாம். 30,000 கெல்வினுக்கு மேல் வெப்பநிலை ஏறினாலும் கண்ணுறு ஒளியில் நிறம் மிகச் சிறிதே மாறும். விண்மீனிடைத் தூசு ஏற்படுத்தும் சிவப்பேற்றம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. நடுநிலை ஹீலியத்தின் 4471 ஆங்ஸ்ட்ராம் கோட்டையும் அயனி ஹீலியத்தின் 4541 கோட்டையும் ஒப்பிட்டு ஒரு விண்மீனின் வெப்பநிலையைக் குறியுங்கள். மற்றதன் வெப்பநிலையை மறைப்பு ஆழங்களின் விகிதமே சொல்லிவிடும்.

கோணம் நிலையாக வருகிறது என்றீர்கள். எனக்கு அதில்தான் ஐயம். டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி 21 ஆர்க்செகண்ட் அகலமுடையது. அருகிலுள்ள விண்மீன்களின் ஒளி அதில் கலந்தால் மறைப்பு ஆழம் குறைந்து, கோணமும் குறைவாகவே வரும். மூன்றாம் ஒளியை (இணைக்கு வெளியிலிருந்து கலக்கும் ஒளியை) சுழி என்று பூட்டி வைத்திருந்தால் திறந்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பெருநிறை இணைகள் பலவற்றுக்கு ஈர்ப்பால் கட்டுண்ட மூன்றாம் துணையும் உண்டு என்பதால், நிறமாலையில் இடம்பெயராமல் நிற்கும் கோடு ஏதேனும் தென்படுகிறதா என்றும் தேடுங்கள்.