கேட் என்றால் தெரு, பார் என்றால் வாசல்: யார்க் நகரில் நடப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் போகிறவர்கள் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். ஸ்டோன்கேட், மிக்கில்கேட், குட்ராம்கேட் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அங்கே போய் வாசலைத் தேடுவார்கள். வைக்கிங் பேச்சில் ‘காட்டா’ என்றால் தெரு. அதுதான் ‘கேட்’ என்று தேய்ந்து நிற்கிறது. நகர மதிலின் வாசலுக்கு இந்த ஊரில் ‘பார்’ என்று பெயர். பூத்தம், மங்க், வாம்கேட், மிக்கில்கேட் ஆகிய நான்கும் பெரிய பார்கள்.

நகரைச் சுற்றியுள்ள மதில் சுமார் 3.4 கிலோமீட்டர் நீளம். ஏறி நடக்கக் கட்டணம் இல்லை. காலை 8 மணிக்குத் திறந்து, பொழுது சாயும்போது படிக்கட்டுகளைப் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதனால் மதியத்துக்கு மேல் முழுச் சுற்றைத் தொடங்க வேண்டாம். வேடிக்கை பார்த்தபடி நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும்.

பூத்தம் பாரில் ஏறி வலமாகச் சுற்றுங்கள். மங்க் பார் வரைக்கும் வலப்புறம் மின்ஸ்டர் பேராலயம் கூடவே வரும். மரங்கள் இலை உதிர்த்த மாதங்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். கடைசியில் மிக்கில்கேட் பாரிலிருந்து லெண்டல் பாலத்துக்கு இறங்கும்போது அதே மின்ஸ்டர் நேர் எதிரே எழுந்து நிற்கும். இடமாகச் சுற்றினால் அந்தக் காட்சி முதுகுப் பக்கம் போய்விடும்.

உட்புறம் பல இடங்களில் கைப்பிடிக் கம்பி இல்லை. குழந்தைகளை வெளிச்சுவர்ப் பக்கமாக நடத்துங்கள். தள்ளுவண்டிக்கு வழியில்லை, எல்லா இடத்திலும் படிதான். பனி உறைந்த நாளில் மதிலையே மூடிவிடுவார்கள்.

———

மேலே சொன்னதோடு ஒன்று: மதில் முழு வளையம் இல்லை. மங்க் பார் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், லேயர்தார்ப் அருகே மதில் சட்டென்று முடிந்துவிடும். இடிந்து போனதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே மதில் இருந்ததே இல்லை. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் கோட்டைக்காக ஃபாஸ் ஆற்றை அணை கட்டித் தடுத்ததால் தேங்கிய சதுப்பே அந்தப் பக்கத்துக்குக் காவலாக இருந்தது. இப்போது அது வண்டி ஓடும் சாலை. நடைபாதையில் பதித்திருக்கும் சிறு பித்தளைக் குமிழ்களைப் பின்பற்றினால் செங்கல்லால் கட்டிய ரெட் டவர் வரும், அங்கே மதில் மறுபடி தொடங்கும். கோட்டை மேட்டருகிலும் லெண்டல் பாலத்தருகிலும் இதுபோலத் தரையில் இறங்கி நடக்க வேண்டும்.

வாம்கேட் பாரில் அவசரப்படாதீர்கள். வாசலுக்கு முன்னால் இரண்டு சுவர்கள் நீண்டு ஒரு சந்துபோல நிற்கும். முதல் கதவை உடைத்து வரும் எதிரியை அதற்குள் அடைத்து மேலிருந்து தாக்குவதற்கான முன்னரண் அது. மற்ற மூன்று பார்களின் முன்னரண்களையும் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் நகர வாசல்களில் முன்னரணோடு மிஞ்சியது இது ஒன்றே.

கோட்டை மேட்டின்மேல் நிற்கும் கிளிஃபோர்ட்ஸ் டவரில் இன்னொரு குழப்பம். 1190 மார்ச்சில் ஏறத்தாழ 150 யூதர்கள் உயிரிழந்தது இந்த மேட்டில்தான். ஆனால் அன்று இருந்தது மரக் கோபுரம், அது எரிந்துபோனது. இன்று நிற்கும் கல் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் கட்டியது.

———

தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்க வருகிறவர்கள் தொலைநோக்கி கொண்டு வாருங்கள். அது இல்லாமல் மின்ஸ்டரின் கிழக்கு ஜன்னல் வெறும் வண்ணக் கம்பளம்தான். ஏறத்தாழ ஒரு டென்னிஸ் மைதானம் அளவு. கண்ணாடிக் கலைஞர் ஜான் தார்ன்டன் 1405இல் ஒப்பந்தம் போட்டு 1408இல் முடித்தார். அவருக்குக் கூலி வாரம் 4 ஷில்லிங், வருடம் 5 பவுண்ட், சரியாக முடித்தால் மேற்கொண்டு 10 பவுண்ட். வரிசைக்கு 9 கண்ணாடிப் படங்கள். மேலே மூன்று வரிசை பழைய ஏற்பாடு, அடுத்த ஒன்பது வரிசை உலக முடிவைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம், அடியில் ஒரு வரிசை மன்னர்களும் ஆயர்களும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று படிக்க வேண்டும். கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெளிச்சத்தில் போங்கள்.

லெண்டல் பாலத்துக்கு அருகே, நார்த் ஸ்ட்ரீட்டில் ஆல் செயின்ட்ஸ் என்று ஒரு சின்ன தேவாலயம். அங்கே உலகத்தின் கடைசி 15 நாட்களைக் காட்டும் ஜன்னல் ஒன்று உண்டு. இதை இடது அடியில் தொடங்கி மேலே ஏறிப் படிக்க வேண்டும். முதல் நாள் கடல் பொங்கும், இரண்டாம் நாள் வற்றும், ஐந்தாம் நாள் தீப்பிடிக்கும். மேலிருந்து படித்தால் எரிந்த உலகம் மெல்லக் குளிர்ந்து சரியாகிவிடும்! மின்ஸ்டருக்குக் கட்டணம் உண்டு, அங்குள்ள ஜன்னலில் தொழில்நுணுக்கம் அதிகம். மனதில் தங்குவது என்னவோ இந்தச் சின்ன ஜன்னல்தான்.

———

ஷாம்பிள்ஸ் தெருவுக்குக் காலை 9 மணிக்கு முன் போகாவிட்டால் மற்றவர்களின் செல்ஃபியில்தான் நிற்பீர்கள். கசாப்புக்காரர்கள் தெரு அது. ஜன்னலடியில் இறைச்சி பரப்பிய அகலப் பலகைகளும் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும் இன்னும் இருக்கின்றன. மாடி வெளியே துருத்தி நிற்பது அழகுக்காக அல்ல. தரைத்தளத்துக்கு மேலுள்ள உத்தரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மாடியை வைத்தால், மனை கூடாமலே அறை பெரிதாகும். இரு பக்கமும் அப்படி நீண்டதால் வெயில் விழாது, இறைச்சி சீக்கிரம் கெடாது.

அதைவிடப் பழையது பக்கத்தில் குட்ராம்கேட்டில் இருக்கிறது. லேடி ரோ எனும் வரிசை வீடுகள், சுமார் 1316இல் கட்டியவை. வெள்ளையடித்துச் சாதாரணக் கடைகள் போல இருப்பதால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதன் பின்னால் ஹோலி டிரினிட்டி தேவாலயம், வாயில் வளைவு சிறியது, தாண்டிப் போய்விடுவீர்கள். உள்ளே தரை ஏறி இறங்கும், கைத்தடி வைத்திருப்பவர்கள் பார்த்து நடக்கவும்.

மரச்சட்டக் கட்டடத்தின் உட்புறம் பார்க்க வேண்டுமென்றால் 1357இல் தொடங்கிய மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹால். மாடியில் வணிகர் கூடம், கீழே ஏழைகளுக்கான மருத்துவ விடுதி. ஃபாஸ் ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் கீழ்த்தளத்துக்கு வெள்ளம் புதிதல்ல. மழைக்காலத்தில் கிளம்பும் முன் நகருக்குள் ஓடும் இன்னொரு ஆறான ஊஸின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையோரமான கிங்ஸ் ஸ்டெய்த் முதலில் மூழ்கும், அந்த வழியை விட்டுப் பாலத்தின் மேலேயே போய்விடலாம்.