குட்டியைத் தின்ற தாய்நாய்: பிறவிக் குணமா, உடற்கோளாறா?

ஒட்டுசுட்டான் வாசகி:
எங்கள் பெட்டை நாய் தலையீற்றிலேயே ஒரு குட்டியைத் தின்றுவிட்டது. மிஞ்சிய குட்டிகளையும் முலைக்கு அண்டவிடாமல் உறுமுகிறது. குட்டி தின்னியை வளவில் வைத்திருக்கக் கூடாது, காட்டுக்கரையில் விட்டுவிடுங்கள் என்று அயலவர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

மல்லாவிக் கமக்காரன்:
காட்டுக்கரையில் விடுவது பாவம். அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் இது பிறவிக் குணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குட்டியைக் கடிக்கும் பெட்டையின் மகளும் கடிக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். இரணைமடுக் குளக்கட்டில் திரியும் நாய்களுக்கு எந்த வைத்தியர் பிரசவம் பார்க்கிறார்? அவை பற்றைக்குள் ஈன்று வளர்க்கவில்லையா? நல்ல தாய்க்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கிளிநொச்சி மிருகநேசன்:
ஐயா, சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பது உண்மை. அந்த வேலையை ஓமோன்கள் செய்கின்றன. ஏறக்குறைய 63 நாள் சினைக்காலம் முடியும் தறுவாயில், சினையைத் தக்கவைக்கும் புரோஜெஸ்தரோன் சடுதியாக இறங்க, பாலைச் சுரக்கவைத்துக் குட்டியை நாடவும் தூண்டுகின்ற புரோலாக்டின் ஏறுகிறது; குட்டி பிறப்பு வழியை விரித்துக்கொண்டு வெளிவரும்போதும், பின்னர் முலையை உறிஞ்சும்போதும் ஒக்சிடோசின் சுரந்து தாயைக் குட்டியோடு பிணைக்கிறது. வயிற்றை வெட்டிக் குட்டி எடுக்கப்பட்ட சில நாய்கள், மயக்கம் தெளிந்ததும் தம் குட்டிகளையே அந்நியமாகப் பார்ப்பதற்கு இந்தத் தொடர் அறுபடுவது ஒரு காரணம்.

தின்றதையும் தீர விசாரிக்காமல் குற்றமாக்கக் கூடாது. தாய் சவ்வைக் கிழித்து, குட்டியை நக்கி, கொடியைக் கடித்து, நச்சுக்கொடியை விழுங்குவது இயல்பு. பதற்றமான தலையீற்றுப் பெட்டை கொடியைக் கடிக்கும்போது, பல் தொப்புளோடு நிற்காமல் குட்டியின் வயிறு வரை போய்விடுவதுண்டு. செத்துப் பிறந்த குட்டியைத் தாய் தின்பதும் உண்டு; உங்கள் குட்டி உயிரோடுதான் பிறந்ததா? முலைக்கு விடாததற்கு நான் முதலில் சந்தேகிப்பது முலை அழற்சியை. ஒவ்வொரு முலையையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒன்று இறுகி, சூடேறி, சிவந்து, பிதுக்கினால் சீழோ இரத்தமோ கலந்து வருமானால், அந்த நாய் உறுமுவது வலியால்.

மல்லாவிக் கமக்காரன்:
வலி என்றால் எல்லாக் குட்டிகளையும் ஒதுக்க வேண்டும். ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு மற்றவற்றுக்குப் பால் கொடுக்கும் பெட்டைகளை நான் கண்டிருக்கிறேன். அதோடு, சினையிலேயே கல்சியம் குளிசை கொடுத்திருந்தால் இந்தக் கோளாறு வந்திராது என்றும் பலர் சொல்கிறார்கள்.

வவுனியா வாசகி:
ஒதுக்கப்படுவது பெரும்பாலும் குளிர்ந்துபோன குட்டி. பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. மார்கழி வாடையில், ஈர மண்ணில் கிடந்து உடல் சில்லிட்டால் அது தேடி உறிஞ்சவும் மாட்டாது, கத்தவும் மாட்டாது. தாய் அதை உயிரற்றதாகவே நடத்தும். அதை மெல்லச் சூடாக்கிய பிறகே பால் பருக்க வேண்டும்.

கல்சியம் பற்றி நீங்கள் கேட்டது எதிர்விளைவையே தரும். சினைக்காலத்தில் தேவைக்கு மேல் கொடுத்தால், எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கவைக்கும் சுரப்பி மந்தமாகி, பால் பெருகும் வாரங்களில் இரத்தத்தில் கல்சியம் சரிந்துவிடும். அப்போது தாய் மூச்சிரைத்து, அமைதியிழந்து, குட்டிகளைப் புறக்கணித்து, கால்கள் விறைத்து நடுங்கும். காய்ச்சல் 40 பாகை செல்சியசையும் தாண்டலாம். சின்ன இன நாய்களில் இது அதிகம். நாளம் வழியாக மருந்து ஏற்றாவிட்டால் உயிர் போகும். வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

குணம்தான் எல்லாம் என்றால், சோடி சேராத பெட்டை மடி கட்டி, பழைய செருப்பை அணைத்துக்கொண்டு படுத்துக் காவல் காப்பதை எப்படி விளக்குவீர்கள்? புரோலாக்டின் ஏறினால் குட்டியில்லாமலே தாய்மை வருகிறது.

மல்லாவிக் கமக்காரன்:
தங்கை, செருப்புக் கதை நானும் கண்டதுதான், அதற்கு மறுப்பில்லை. ஆனால் ஓமோன் சுரக்கும் அளவும் பரம்பரையாக வருவதுதானே? குளக்கட்டு நாய்களில் குட்டியைத் தின்ற தாயின் வழி அதோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் நாம் புட்டிப்பால் ஊட்டி அந்த வழியைத் தொடரவிடுகிறோம். அதனால் இந்தப் பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்பதே என் முடிவு.

கிளிநொச்சி மிருகநேசன்:
பரம்பரைக்குப் பங்குண்டு, ஒரு தலையீற்றை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது என்றே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாம் ஈற்றில் நன்றாகத் தாய்மை காட்டிய பெட்டைகள் பல. கருத்தடைக்கு நானும் உடன்படுகிறேன், ஆனால் பால் முற்றாக வற்றிய பின்னர். இப்போது செய்ய வேண்டியது வேறு: இன்றைக்கே மிருக வைத்தியரிடம் முலையையும் கருப்பையையும் காட்டுங்கள்; அதுவரை தாயை இருண்ட, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் விட்டு, குட்டிகளைத் தனியே சூடாக வைத்து, ஒருவர் தாயின் தலையைப் பிடித்திருக்க மற்றவர் குட்டிகளை முலைக்கு விடுங்கள்.