குடும்பக் குழு: இரண்டு பூட்டிக் ஹோட்டல்களில் எதில் தங்குவது?

நான்: அனைவருக்கும் வணக்கம். விடுமுறைப் பயணத்திற்காகப் பார்த்து வைத்திருக்கும் இரண்டு பூட்டிக் ஹோட்டல்களின் (தனிப் பாணியில் அலங்கரித்த சிறிய ஹோட்டல்கள்) படங்களை மேலே அனுப்பியிருக்கிறேன். முதலாவதன் உணவகத்தை எல்லோரும் புகழ்கிறார்கள்; இரண்டாவதன் அறைகள் நன்றாக இருக்கின்றன. எதை முன்பதிவு செய்யலாம் என்று சொல்லுங்கள்.

அத்தை: இரண்டாவது ஹோட்டலில் படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் வெறும் கண்ணாடிதான் இருப்பதுபோல் தெரிகிறதே? நானும் உன் அக்காவும் ஒரே அறையில் தங்கப் போகிறோம். திரைச்சீலையாவது உண்டா என்று கேட்டுச் சொல்.

தம்பி: அது இப்போதைய பாணி, அத்தை. சின்ன அறையைப் பெரிதாகக் காட்டவும், ஜன்னல் இல்லாத குளியலறைக்குப் பகல் வெளிச்சம் கிடைக்கவும் அப்படிக் கட்டுகிறார்கள்.

அத்தை: வெளிச்சம் தாராளமாக வரட்டும். கதவும் இருக்கட்டும்.

சித்தப்பா: அத்தை கேட்பது நியாயமான கேள்வி. இந்தப் பூட்டிக் ஹோட்டல் பாணி பரவிய விதத்தைப் பார்த்தால், நல்ல வடிவமைப்பு புகைப்படத்துக்காகச் செய்யப்படுவதில்லை என்பது விளங்கும். 1984இல் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் நியூயார்க்கில் மார்கன்ஸ் ஹோட்டலைத் திறந்தபோது, உள் அலங்காரத்தைச் செய்த ஆந்த்ரே புட்மானுக்குக் கிடைத்த நிதி குறைவு என்பதால், அவர் விலை மலிவான கறுப்பு வெள்ளை ஓடுகளைக் கட்டம் கட்டமாகப் பதித்துக் குளியலறைகளை முடித்தார். பிறகு அதுவே அந்த ஹோட்டலின் அடையாளமாகிவிட்டது. 1988இல் அவர்களே ராயல்டன் ஹோட்டலின் உள் அலங்காரத்தை வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க்கிடம் ஒப்படைத்தார்கள். அங்கே லாபி என்பது சாவி வாங்கிக்கொண்டு கடந்துபோகும் இடமாக இல்லாமல், நகரத்தார் வந்து உட்கார்ந்து பேசும் கூடமாக மாறியது.

சித்தப்பா: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு வெகு முன்பே, 1960இல் கோபன்ஹேகனில் திறக்கப்பட்ட எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலுக்குக் கட்டடம் மட்டுமல்லாமல் நாற்காலி, விளக்கு, கதவுக் கைப்பிடி, சாப்பாட்டுக் கரண்டி வரை கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கப்சனே வரைந்து கொடுத்தார். அதன் 606ஆம் அறையை இன்றும் பழைய தோற்றத்திலேயே பாதுகாக்கிறார்கள். கரண்டியைப் பற்றி யோசித்தவர், இரவில் மூக்குக் கண்ணாடியை எங்கே கழற்றி வைப்பது என்பதையும் யோசித்திருப்பார். நீ அனுப்பிய முதல் ஹோட்டலில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகைகூட இல்லை. பெட்டியைத் திறந்து வைக்கவும் இடம் காணவில்லை.

அக்கா: சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டன் தொடங்கிய ஹோட்டல்களில், உணவகத்துக்குத் தெருவைப் பார்த்த தனி வாசலும் தனிப் பெயரும் கொடுத்து, அந்த ஊர்க்காரர்களே தேடி வரும்படி செய்தார்கள். இந்த வழக்கத்தால் நமக்கு லாபமும் உண்டு, தொல்லையும் உண்டு. ஊர்க்காரர்கள் வருகிற இடத்தில் சமையல் சோம்பிப்போகாது. ஆனால் மாடியில் அறை எடுத்திருக்கிறோம் என்பதற்காக நமக்கு மேசை ஒதுக்கிவைக்க மாட்டார்கள், தனியாகவே முன்பதிவு செய்ய வேண்டும். வெறும் கான்கிரீட் கூரை, விரிப்பில்லாத தரை, திரையில்லாத கண்ணாடி என்று அலங்கரித்துவிட்டால் பேச்சும் இசையும் எதிரொலித்து, எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. பல இடங்களில் மெனு அட்டையைப் படிக்கக் கைப்பேசி விளக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது, அதை ஏன் நாகரிகம் என்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. சிறிய தட்டுகளில் பகிர்ந்து உண்ணும் முறை என்றால், தயாராகும் வரிசையில்தான் ஒவ்வொன்றாகக் கொண்டு வருவார்கள்; பசியோடு போகக் கூடாது.

தம்பி: முதல் ஹோட்டலின் லாபிக்காகத்தான் நான் ஆசைப்பட்டேன்.

அக்கா: அங்கே சாப்பிடப் போகிறவர்களும் லாபியில் உட்காரலாம். அதற்காக அந்த ஹோட்டலின் மேல்மாடி மதுக்கூடத்துக்கு நேர் கீழே படுக்க வேண்டியதில்லை.

நான்: இரண்டு ஹோட்டல்களுக்கும் எழுதிக் கேட்டேன். இரண்டாவதில் கண்ணாடிக்கு உட்புறம் திரை இருக்கிறது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாளுடன் தனிக் கதவு உண்டு. ஆனால் மிகச் சிறிய வகை அறைகளின் ஜன்னல்கள் உள்முற்றத்தைப் பார்த்தவை என்று ஒப்புக்கொண்டார்கள். படத்தில் இருப்பது அடுத்த வகை அறையாம். முதல் ஹோட்டலில் மதுக்கூடத்தின் இசை நள்ளிரவு வரை கேட்கும் என்கிறார்கள்.

சித்தப்பா: அப்படியானால் இரண்டாவதிலேயே தங்குவோம், படத்தில் உள்ள அந்த வகை அறையையே எடு. லிப்டுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று முன்பதிவிலேயே குறிப்பிட்டுவிடு. ஒருநாள் இரவு மட்டும் முதலாவதில் சாப்பிடலாம்.

அத்தை: எனக்குச் சம்மதம். ஒலிபெருக்கிக்குத் தள்ளி, முதுகு சாய்க்க வசதியான நாற்காலி உள்ள மேசையாகக் கேள். உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார என்னால் முடியாது.

நான்: சரி, அத்தை. கூட்டம் சேர்வதற்கு முன்பாக ஏழு மணிக்கே மேசை கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.