டீசல் பர்னர் பிடிச்ச கையோட அணையுது – பவுடர் கோட்டிங் ஓவன், குறிச்சி

பட்டறைக்காரன்:
வணக்கமுங்க. கோயமுத்தூர் குறிச்சி சிட்கோ பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறை. கணபதியில இருந்து ஷெட் மாத்தி வந்தோம். ஓவனும் பர்னரும் பழசுதான், அங்க ஒரு தொந்தரவும் குடுத்ததில்லை. இங்க ஆன் பண்ணினா ஃபேன் ஓடுது, ஸ்பார்க் வருது, தீயும் பிடிக்குது. கொஞ்ச நேரத்துல தீ அணைஞ்சு, சிவப்பு லைட் வந்து லாக் ஆயிடுதுங்க. ரீசெட் அமுக்கினா மறுபடி அதேதான். ஓவன் 180 டிகிரியையே தொட மாட்டேங்குது, பம்ப் பாடி லோடு அப்படியே நிக்குது. மெக்கானிக், தீ எரியுதான்னு பாக்கற போட்டோசெல்லை மாத்தச் சொல்றாரு. மாத்தலாமுங்களா?

ஈரோட்டுக்காரன்:
மாத்தறதுக்கு முன்னால கழட்டித் துணியால துடைச்சுப் பாருங்க. கண்ணுல கரி படிஞ்சிருந்தா தீ எரியறதே அதுக்குத் தெரியாது.

பெருந்துறை பாய்லர்:
தம்பி, முதல்ல ரீசெட்டை விட்டுத் தள்ளுங்க. ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். எரியாத டீசல் சேம்பர்ல தேங்கி நிக்கும், அடுத்து பிடிக்கறப்ப மொத்தமா வெடிச்சுக் கதவையே தள்ளிடும். பார்வைத் துளை வழியா உள்ள ஈரம் இருக்குதான்னு பாத்துட்டுத்தான் மறுபடி போடோணும்.

ரெண்டு விசயம் சொல்லுங்க. தீ எரிஞ்சுட்டு இருக்கறப்பவே லாக் ஆகுதா, இல்லை தீ துடிச்சு அணைஞ்ச பிறகு லாக் ஆகுதா? முதல் ரகம்னா போட்டோசெல், கன்ட்ரோல் பாக்ஸ் பக்கம் போகலாம். ரெண்டாவதுன்னா செல் தன் வேலையச் சரியாத்தான் செய்யுது, கோளாறு எண்ணெய்ல இருக்குது. அப்புறம், டேங்க் எங்க வெச்சிருக்கீங்க?

பட்டறைக்காரன்:
படபடன்னு துடிச்சு அணையுது, அப்புறம்தான் சிவப்புங்க. கணபதியில டேங்க் ஸ்டாண்டு மேல இருந்துச்சு. இங்க பேரலைத் தரையிலயே வெச்சு மேல் வாய் வழியா உறிஞ்ச விட்டிருக்கோம். பைப் ஒண்ணுதானுங்ணா, மிச்ச எண்ணெய் பேரலுக்குத் திரும்பற ரிட்டன் பைப் இல்லை.

பெருந்துறை பாய்லர்:
அதுதான் சோலி. மேல இருந்து தானா இறங்கின எண்ணெயை இப்ப பம்ப் இழுக்க வேண்டியிருக்குது. இழுக்கிற பைப்புல நட்டு கொஞ்சம் லூசா இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால கசிவு கண்ணுக்குத் தெரியாது. ஒத்தைப் பைப்புல அந்தக் காத்துக்குத் திரும்பப் போக வழியுமில்லை. டீசலைத் தூவற நாசிலுக்குக் காத்து வந்ததும் தீ துடிக்கும்.

ருசுப் பாக்கறதுன்னா ஒரு கேன்ல டீசல் ஊத்தி பர்னருக்கு மேல உயரத்துல வெச்சு ஓட்டுங்க. நின்னு எரிஞ்சா பர்னர் மேல குத்தமில்லை.

அப்புறம் ரிட்டன் பைப் போடுங்க. பம்ப்ல பைபாஸ் ஸ்க்ரூன்னு குட்டியா ஒண்ணு இருக்கும்; ரெட்டைப் பைப்புக்கு அது உள்ள இருக்கோணும், ஒத்தைப் பைப்புக்கு இருக்கக் கூடாது. ஒத்தைப் பைப்புல அது உள்ளயே இருந்தா எண்ணெய் போக இடமில்லாம ஷாஃப்ட் சீல் பிய்ச்சுட்டுப் போயிரும். ரிட்டன்ல வால்வும் வைக்காதீங்க. யாராச்சும் மூடி வெச்சா அதே கதிதான். ஜாயின்ட்டுக்கு டெஃப்ளான் டேப் வேண்டவே வேண்டாம், துணுக்கு பிஞ்சு நாசிலை அடைக்கும். காப்பர் பைப்பை ஃபிளேர் பண்ணி நட்டுப் போட்டா போதும்.

பட்டறைக்காரன்:
கேன் வெச்சதும் நின்னு எரிஞ்சுச்சுங்ணா! ரிட்டனும் போட்டாச்சு, பேரல்ல இருந்தே அணையாம ஓடுது. ஆனா புகைக்குழாய்ல கருப்புப் புகை. நாசில் 1.50, தூவற கோணம் 60 டிகிரி. பம்ப்ல கேஜ் மாட்டினா 14 பார் காட்டுது. காத்து டேம்பரை இன்னும் திறக்கட்டுங்களா?

பெருந்துறை பாய்லர்:
டேம்பரைத் தொடாதீங்க, முதல்ல பிரஷர். நாசில் மேல இருக்கிற 1.50ங்கறது 7 பார்ல மணிக்கு அத்தனை அமெரிக்க காலன், நம்ம கணக்குல 5.7 லிட்டர். பிரஷர் ரெட்டிப்பானா எண்ணெய் ரெட்டிப்பாகாது, 1.4 மடங்கு ஆகும். அப்ப 14 பார்ல 8 லிட்டர் ஊத்துது. பர்னர் புத்தகத்துல 10 பார்னு இருந்தா அங்கயே கொண்டு வாங்க, 6.8 லிட்டர் வரும். எண்ணெய் அளவு நின்ன பிறகுதான் காத்து. புகை நிக்கிற வரைக்கும் மெதுவா திறந்து, அதுக்கு மேல கொஞ்சமாத் தள்ளி நிறுத்துங்க. தாராளமாத் திறந்து விட்டா சூடெல்லாம் குழாய் வழியா ஆகாசத்துக்குப் போகும், டீசல் காசு உங்களுது. புகையை அளக்கற ஃப்ளூ கேஸ் மீட்டர் வாடகைக்குக் கிடைச்சா வெச்சுப் பாருங்க, கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதம் வந்தா நல்ல செட்டிங்.

சுந்தராபுரம் வெல்டர்:
நடுவுல வர்றேன், மன்னிக்கோணும். அந்தப் பக்கம் ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து நேரா அடிக்கும். குழாய் மேல தொப்பி இல்லைன்னா புகையத் திருப்பி உள்ள தள்ளும், இப்ப செட் பண்ற காத்தெல்லாம் அப்ப கெட்டுப் போகும்.

பட்டறைக்காரன்:
தொப்பி இல்லீங்க, நாளைக்கே அடிக்கச் சொல்றேன். 10 பாருக்கு இறக்கியாச்சு. டேம்பரைத் துளி நகர்த்தினதுமே புகை நின்னுருச்சு, ஓவன் 190 காட்டுது. லோடு உள்ள போயிட்டிருக்குதுங்ணா. போட்டோசெல் காசு மிச்சம்.

பெருந்துறை பாய்லர்:
அந்தக் காசுல இழுக்கிற (சக்ஷன்) பைப்புக்கு ஃபில்டர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. பேரல் அடியில தண்ணியும் சகதியும் நிக்கும், பைப் முனையை அடியில இருந்து நாலு விரக்கடை தூக்கி வைங்க.