கடன் அட்டையின் ‘கிரேஸ் பீரியட்’: ‘வட்டிவிலக்குக் கெடு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

கடன் அட்டையில் பொருள் வாங்கிய நாள் தொடங்கிப் பணம் கட்டவேண்டிய கடைசி நாள் வரை வட்டியில்லாமல் கிடைக்கும் நாள்களுக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை வந்த விடைகளில் ‘சலுகைக் காலம்’, ‘வட்டியில்லாக் காலம்’ என்னும் இரண்டும் முன்னிற்கின்றன. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

‘சலுகைக் காலம்’ ஏற்கெனவே ஆயுள் காப்பீட்டுக்காரர்களிடம் புழங்குகிற சொல். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள், மாதப் பிரீமியத்துக்கு 15 நாள் என்று அங்கே அது கடைசி நாளுக்குப் பிறகு தொடங்குகிறது. அட்டையிலோ கடைசி நாளோடு முடிந்துவிடுகிறது. பாலிசியில் பழகியவர் அட்டைக்கும் அதே சொல்லைக் கேட்டால், கடைசி நாள் போனாலும் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்துவிட மாட்டாரா?

‘வட்டியில்லாக் காலம்’ இன்னும் ஆபத்தானது. என் அட்டைக்கு மாதந்தோறும் 12ஆம் தேதி கணக்கு முடித்துப் பில் வரும். அடுத்த மாதம் 1ஆம் தேதி கடைசி நாள். ஜூன் 14 அன்று வாங்கிய பொருளுக்கு ஆகஸ்ட் 1 வரை 48 நாள் கிடைக்கிறது. ஜூலை 11 அன்று வாங்கியதற்கு 21 நாள்தான். அளவு மாறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை ஜூன் 14 அன்று வாங்கிய 20,000 ரூபாய்க்கு, கடைசி நாளன்று 19,500 கட்டிவிட்டு, மீதி ஐந்நூறுக்குத்தானே வட்டி என்று அலட்சியமாக இருந்தேன். வங்கி முழு இருபதாயிரத்துக்கும் வாங்கிய நாளிலிருந்து 48 நாள் வட்டி போட்டது. மாதம் 3.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஏறத்தாழ 1,100 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வட்டியில்லாமல் கழிந்ததாக நான் நம்பிய நாள்களுக்கெல்லாம் பின்னோக்கி வட்டி ஏறியது. அதை எப்படி ‘இல்லா’ என்பது?

இந்த ஏமாற்றத்துக்கு நம் பக்கத்துப் பழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். பாளையங்கோட்டையில் நாங்கள் பற்று வைத்திருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி, நீளவாக்கில் தைத்த நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்தின் முனையை மடித்து வைத்திருப்பார். பிசான நெல் அறுப்பு முடிந்து அப்பா கொண்டுபோய்க் கொடுப்பதைக் கழித்துவிட்டு, மீதியை அடியில் எழுதி, “பாக்கி இவ்வளவுதான் அண்ணாச்சி, பைய குடுங்க” என்பார். கொடுத்த பணத்துக்கு வட்டி கேட்பது அவர் கணக்கிலேயே கிடையாது. அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அட்டையையும் அப்படியே படிக்கிறோம்.

ஆகவே, முழுத் தொகையும் குறித்த நாளுக்குள் அடைந்தால் மட்டுமே வட்டி விலகும் என்ற நிபந்தனை சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது என் வாதம். ‘வட்டித் தள்ளுபடிக் காலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நெருங்கி வருகிறது, ஆனால் தள்ளுபடி என்றதும் கூட்டுறவுப் பயிர்க்கடன்தான் நினைவுக்கு வரும், அரசு அறிவித்தால் கட்டவே வேண்டாம் என்ற பொருளோடு. ‘வாய்தா’ எங்கள் ஊர் வாயில் நன்றாகப் புழங்குகிற சொல்தான். ஆனால் வாய்தாவை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது கோர்ட்டுக்குப் போன எவருக்கும் தெரியும்.

நான் முன்வைப்பது ‘வட்டிவிலக்குக் கெடு’. ‘பத்து நாள் கெடு’ என்றால் அது கால அளவு. ‘கெடு முடிந்தது’ என்றால் எல்லை. நீட்சியையும் முடிவையும் ஒரே சொல் தாங்குகிறது. ‘கெடு’ அமங்கலமாக ஒலிக்கிறது என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். அழிவைக் குறிக்கும் வினையின் நிழல் அதன்மேல் விழத்தான் செய்கிறது. இந்த இடத்தில் அது விழுவதில் எனக்கு வருத்தமில்லை.

கடைசி நாளுக்குப் பிந்தைய நாள்களுக்கும் தனிச்சொல் வேண்டும். ரிசர்வ் வங்கியின் அட்டை நெறிமுறைப்படி, கடைசி நாள் கடந்து மூன்று நாளுக்கு மேலும் பணம் கட்டாமல் இருந்தால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். இந்த மூன்று நாளைப் ‘பொறுதி நாள்’ என்று அழைக்கலாம். காப்பீட்டின் 30 நாளுக்கும் அது பொருந்தும்.

முந்தைய மாதப் பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாமல் கிடைக்கும் நாள்கள் பறிபோகும் என்பதை வாடிக்கையாளருக்கு விளக்கவேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. “சென்ற மாதப் பாக்கி இருந்தால் இம்மாதம் வாங்குவதற்கு வட்டிவிலக்குக் கெடு கிடையாது, ஏ.டி.எம்.மில் அட்டையைப் போட்டுப் பணமாக எடுத்தால் எப்போதுமே கிடையாது” என்று அதை எழுதிப் பார்த்தேன். மற்ற சொற்களையும் இதே வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு, எது இடறுகிறது என்று எழுதுங்கள்.